ஐந்தாம் பாட்டில் பத்தொன்பது விநாடி

சுயேச்சை இசைப் பேரவை என்று ஓர் அமைப்பு. யாருக்கும் கட்டுப்படாமல், எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல், வீட்டு மூலையில் உட்கார்ந்து தானே பாட்டுக் கட்டி, தானே பாடி, தானே பதிவு செய்துகொள்கிற ஆட்களை ஒழுங்குபடுத்துவதற்காக ஏற்பட்டது. சொந்தக் கட்டடம், மூன்று மாடி. ஒவ்வொரு மாடிப்படியின் முடிவிலும் 'அனுமதி பெறாமல் உள்ளே வரக் கூடாது' என்று ஒரு பலகை இருக்கும். அனுமதி கொடுக்கிறவரின் அறை அந்தப் பலகையைத் தாண்டி உள்ளே இருக்கிறது.

அங்கிருந்துதான் பாட்டுக்காரிக்குக் கடிதம் வந்தது. அவள் ஒன்றும் முழுநேரப் பாட்டுக்காரி அல்ல. பகலெல்லாம் ஒரு பல் லேபில் செயற்கைப் பல் செட்டுக்கு மெழுகு வார்க்கிறவள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் 'வாடகை வீட்டுப் பாட்டுகள்' என்று எட்டுப் பாட்டு கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டிருந்தாள். முந்நூறு பிரதி போட்டாள்; பாதிக்கு மேல் இன்னும் அவள் கட்டிலுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தன. ஆனால் வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் பாடகர்களாகவே இருந்ததால் பாட்டும் பெயரும் மட்டும் எப்படியோ பரவிவிட்டன.

கடிதம் இப்படிச் சொன்னது: 'தங்கள் தொகுப்பைச் சக இசைக் கலைஞர்கள் தத்தம் பாணியில் பாடிய வடிவங்களுடன் சேர்த்து மரியாதைப் பதிப்பாக மறுவெளியீடு செய்யப் பேரவை மனமிரங்கியுள்ளது. தாங்கள் மகிழ்ச்சி அடைந்ததை ஏழு நாள்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும். தவறினால் தாங்கள் மகிழ்ச்சி அடைந்ததாகவே கருதப்படும்.'

லேப் முதலாளி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக் கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"எழுதிக் குடுத்துரும்மா. மகிழ்ச்சி தானே, செலவா பண்றோம்?"

பாட்டுக்காரி உண்மையிலேயே மகிழ்ந்தாள். ஆனால் பேரவை நினைத்த காரணத்துக்காக அல்ல.

தொகுப்பில் ஐந்தாவது பாட்டு அவளுடைய அக்காவைப் பற்றியது. அப்பா படுக்கையில் கிடந்த கடைசி மூன்று நாளும் மூத்தவளின் பெயரையே சொல்லிக் கூப்பிட்டார், அவள் வரவில்லை என்று முதல் இரண்டு சரணமும் அக்காவைத் திட்டித் தீர்க்கின்றன. நான்காம் சரணம் 'போய் வா' என்று முடிகிறது. நடுவில் ஒரு மூன்றாம் சரணம் இருந்தது. அதில்தான் உண்மை இருந்தது. அக்கா வந்தாள். வாசலில் நின்று மணியடித்தாள். ஏதோ பழைய சண்டையை மனதில் வைத்துக்கொண்டு தங்கைதான் கதவைத் திறக்கவில்லை. மறுநாள் காலை அப்பா போய்விட்டார்.

பதிவு செய்த அன்று மழை. இரவல் வாங்கிய ரெக்கார்டரின் மேல் சாரல் தெறித்தது. இரண்டாம் சரணம் முடிந்ததும் பாட்டுக்காரி எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். உட்கார்ந்தவள் நான்காம் சரணத்திலிருந்து பாடிவிட்டாள். மறந்துபோனதாக அவள் சொல்வாள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். குறுந்தகடு அச்சாகி வந்த பிறகுதான் கவனித்தாள். அதற்குள் அக்கா கேட்டுவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது.

இந்தப் பன்னிரண்டு வருஷமும் பாட்டுக்காரிக்கு ஒரே தீர்மானம்: பாட்டில் நேர்ந்த தப்பைப் பாட்டில்தான் சரிசெய்ய வேண்டும். என்றாவது மறுபதிப்பு வரும், அதில் மூன்றாம் சரணத்தைச் சேர்த்து அக்காவுக்கு அனுப்ப வேண்டும். அந்த மறுபதிப்புதான் இப்போது கடித உருவத்தில் வந்திருந்தது.

பேரவையின் செயலாளர், நெற்றிக்கு நேராக முடி வெட்டிய அம்மாள். பாட்டுக்காரிக்கு யாரைப் பார்த்தாலும் முதலில் பல்தான் கண்ணில் படும்; அது தொழில் புத்தி. இந்த அம்மாளுக்குக் கீழ்வரிசையில் இரண்டு பல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. மற்றபடி எல்லாம் வரிசைக்கிரமம்.

"இது சுயேச்சைச் சான்று. தொகுப்பை உருவாக்க யாருடைய உதவியும் பெறலைன்னு உறுதி சொல்லிக் கையெழுத்துப் போடணும். கீழ ரெண்டு அதிகாரிங்க அதை உறுதிப்படுத்தணும்."

"ரெக்கார்டர் மட்டும் லேப்ல கூட வேலை பார்த்தவர்கிட்ட இரவல் வாங்கினேங்க."

செயலாளர் பேனாவை மூடினார். "இரவலா? அப்ப நீங்க சுயேச்சை இல்லையே."

"ஒரு நாளைக்குத்தான் வாங்கினேன்."

"அவர் மனசோட குடுத்தாரா, மனசில்லாம குடுத்தாரா?"

"முணுமுணுத்துக்கிட்டேதான் குடுத்தார்."

செயலாளரின் முகம் தெளிந்தது. "அப்ப பிரச்சினை இல்ல. மனசோட குடுத்தாத்தான் அது உதவி. மனசில்லாமத்தான் குடுத்தேன்னு அவர்கிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வந்துருங்க."

அந்த மனிதர் இப்போது வேறு ஊரில் இருந்தார். தொலைபேசியில் பிடித்துக் கேட்டதும், "ஐயோ, அப்படியெல்லாம் நினைக்கலையே, சந்தோஷமாத்தானே குடுத்தேன்" என்று பதறினார். அவரைச் சமாதானப்படுத்தி, அவருக்கு மனசில்லை என்று எழுதி வாங்குவதற்குள் பாட்டுக்காரிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கடிதத்தைக் கொடுக்கப் போனபோது மெதுவாக விஷயத்துக்கு வந்தாள்.

"ஐந்தாம் பாட்டுல ஒரு சரணம் விட்டுப்போச்சுங்க. மறுபதிப்புல அதைச் சேர்த்துரணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

"ஐந்தாம் பாட்டா?" செயலாளர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "பத்தொன்பது விநாடி இருக்கே, அந்தப் பாட்டா?"

"என்ன பத்தொன்பது விநாடி?"

"மௌனம்மா, மௌனம்! இந்த மரியாதைப் பதிப்பே அதுக்காகத்தானே."

அவள் ஜன்னல் சாத்தப் போன நேரத்தைத்தான் சொல்கிறார் என்று புரியப் பாட்டுக்காரிக்கு ஏறக்குறைய அதே அளவு நேரம் பிடித்தது.

அடுத்த வாரம் 'வடிவங்கள் பார்வையிடும் கூட்டம்' என்று ஒன்றுக்கு அழைத்தார்கள். நீண்ட மேசை, பத்துப் பன்னிரண்டு பேர், ஒவ்வொருவர் முன்னாலும் 'சுதந்திரமான கருத்து' என்று தலைப்பிட்ட தாள். கருத்து ஏற்கெனவே அச்சடிக்கப்பட்டிருந்தது. கையெழுத்து மட்டும் போட வேண்டும். தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மேல்வரிசைப் பல்லைப் பார்த்ததும் பாட்டுக்காரிக்குத் தெரிந்துவிட்டது. போன வருஷம் அவளே மெழுகு வார்த்து, அவளே நிறம் பார்த்துச் செய்த செட்டு. அந்த அறையில் யார் உத்தரவும் இல்லாமல் தன் போக்கில் உருவான கலைப்பொருள் அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

சக கலைஞர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வடிவத்தைப் போட்டுக் காட்டினார்கள். எட்டுப் பாட்டு இருக்கிறதே என்று யாரும் கவலைப்படவில்லை. எல்லோரும் ஐந்தாம் பாட்டையே பாடியிருந்தார்கள். பாடியிருந்தார்கள் என்பதும் பெருந்தன்மைக்குச் சொல்வது. ஒருவர் இரண்டு சரணத்தையும் வேகவேகமாக ஓடவிட்டு, மௌனத்துக்கு வந்ததும் நிதானமாக உட்கார்ந்துகொண்டார். இன்னொருவர் தச்சரை வைத்து ஒரு ஜன்னலே செய்து ஸ்டூடியோவில் நட்டிருந்தார். மூலப் பதிவில் ஏழாம் விநாடியில் கிரீச்சென்று ஒரு சத்தம் வருகிறதாம். அந்தக் கிரீச்சுக்காக முப்பத்தொரு கீல்களை மாற்றிப் பார்த்ததாகச் சொன்னபோது அவர் கண் கலங்கியது. ஒரு பெண்மணி நாற்பது பேர் கொண்ட சேர்ந்திசைக் குழுவை நான்கு பிரிவாகப் பிரித்து மௌனம் காக்க வைத்திருந்தார். மேல் ஸ்தாயி மௌனம் கொஞ்சம் ஓங்கிவிட்டதாகத் தலைவர் குறைப்பட்டுக்கொண்டார்.

பிறகு மௌன ஆய்வாளர் எழுந்தார். அந்தப் பத்தொன்பது விநாடியைப் பற்றி நூற்று நாற்பது பக்கம் எழுதிப் பட்டம் வாங்கியவர்.

"முதல் ஆறு விநாடி மறுப்பு. அடுத்த ஏழு விநாடி வெறுப்பு. கடைசி ஆறு விநாடி, மறுப்பையே வெறுக்கும் வெறுப்பு. அக்காவை மன்னிக்க முடியாது, அதைச் சொல்ல வார்த்தையும் கிடையாதுன்னு ஒரு தங்கை அறிவிக்கிறா. ஏழாம் விநாடியில கேக்குறது அவ இதயத்தோட கதவு சாத்துற சத்தம்."

"அது ஜன்னல் கீலுங்க" என்றாள் பாட்டுக்காரி. "மழை பெஞ்சுது. சாத்தப் போனேன். வந்து உக்காந்து ஒரு சரணத்தை மறந்துட்டேன். நான் அக்காவை வெறுக்கல. தப்பு என்மேலதான். அதைத்தான் அந்தச் சரணத்துல சொல்லியிருந்தேன்."

அறையில் மூல மௌனத்தைவிட நீளமான ஒரு மௌனம். அதை யாரும் பதிவு செய்யவில்லை.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். "படைச்சவங்களுக்குத் தான் என்ன படைச்சோம்னு தெரியாதுங்கறது உலகறிஞ்ச விஷயம். தெரிஞ்சுட்டா பேரவைக்கு என்ன வேலை? நாங்க யாரையும் கட்டுப்படுத்துறதில்லம்மா. யார் யார் எந்த விதத்துல கட்டுப்பாடில்லாம இருக்கணும்னு தீர்மானிக்கிறதோட நிறுத்திக்கிறோம். நான் இந்த நாற்காலியில பத்தொன்பது வருஷமா இருக்கேன். இதுவரைக்கும் ஒரு பாட்டு எழுதினதில்ல, பாடினதில்ல. அதனாலதான் என்னால நடுநிலையா இருக்க முடியுது. இசை தெரிஞ்ச ஒருத்தர் இங்க உக்காந்தா என்ன ஆகும்? ஒரு பக்கம் சாஞ்சுடுவார். உங்க சரணத்தை மூலத்தன்மைத் துணைக்குழுவுக்கு அனுப்பிப் பாக்குறோம். குழு சுதந்திரமா முடிவெடுக்கும். முடிவு என்னன்னு நாளைக்கு நான் அவங்களுக்குச் சொல்லிடறேன்."

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது பாட்டுக்காரி ஜலதோஷத்தைப் பிடித்துக்கொண்டாள். வருஷம் முந்நூறு நாளும் மூக்கடைப்போடு இருப்பதால் கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு பாடகனுக்கு அப்படி ஒரு பெயர். ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே கித்தாரை மாற்றி மாற்றி வாசித்துக் காலி நாற்காலிகளுக்கு முன்னால் பாடியவர்கள்.

"நீயாவது சொல்லேன். அந்தச் சரணத்தை நான் உனக்குப் பாடிக் காட்டியிருக்கேனே."

ஜலதோஷம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். "ஞாபகம் இருக்கு. நல்ல சரணம்தான். ஆனா பாரு, இந்த வருஷம் பேரவைப் பரிசு என்னோட மௌனத்துக்குன்னு பேச்சு அடிபடுது. நடுவுல வார்த்தை வந்துட்டா என் வடிவம் படுத்துரும். என் குரலைப் பத்தி உனக்கே தெரியும். வாழ்க்கையில முதல் தடவையா ஒரு பாட்டை சுருதி தப்பாம பண்ணியிருக்கேன். கெடுத்துடாத."

துணைக்குழுவின் முடிவு மூன்று வாரத்தில் வந்தது. 'சமர்ப்பிக்கப்பட்ட சரணம் பரிசீலிக்கப்பட்டது. இதில் பாடலாசிரியர் தன் தவறை ஒப்புக்கொள்கிறார். இது மேற்படிப் பாடலாசிரியரின் உலகப் பார்வைக்கு முற்றிலும் முரணானது. அவர் மன்னிப்புக் கேட்கிறவர் அல்லர் என்பது ஆய்வுகளால் நிறுவப்பட்டுள்ளது. எனவே இச்சரணத்தை எழுதியவர் அவராக இருக்க வாய்ப்பில்லை. நிராகரிக்கப்பட்டது. அசல் பாடலாசிரியரின் பெயரைத் தவறாகப் பயன்படுத்த வேண்டாம் என எச்சரிக்கப்படுகிறீர்கள்.'

அவள் அந்தத் தாளை லேப் மேசையில் வைத்துவிட்டு வெகுநேரம் ஒரு கீழ்வரிசை செட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேவைக்கு மேல் தேய்ந்து அந்த செட்டு வீணாகிவிட்டது. அவமானமாக இருந்தது. அதைவிட, பன்னிரண்டு வருஷம் காத்திருந்து கிடைத்த ஒரே வழியும் அடைபட்டதுதான் பெரிதாக உறுத்தியது.

வெளியீட்டு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு. பேரவையின் அரங்கில் முதல் வரிசை பேரவைக்கு, இரண்டாவது பேரவைக் குடும்பத்தினருக்கு, மூன்றாவது பேரவை ஓட்டுநர்களுக்கு. நான்காவது வரிசை ஓரத்தில் 'மூலம்' என்று எழுதி ஒட்டிய நாற்காலி பாட்டுக்காரிக்கு. உட்கார்ந்தவள் மேடையைப் பார்த்தாள்.

மேடையில் தலைவருக்குப் பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

அக்கா ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். ஊரார் காலெல்லாம் தப்பான பெடலை மிதிப்பதை இருபது வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் அவள் முகத்தில் நிரந்தரமாக ஒரு கடுப்பு தங்கிவிட்டிருந்தது. முடி நிறைய நரைத்திருந்தது. அவளுக்கு முன்னால் வைத்திருந்த பெயர்ப்பலகையில் பெயர் இல்லை. 'மௌனத்தின் காரணகர்த்தா' என்று இருந்தது. ஆய்வாளரின் நூலில் அறுபத்தோராவது அடிக்குறிப்பைப் பார்த்துப் பேரவை தேடிக் கண்டுபிடித்திருக்கிறது.

செயலாளர் ஒலிவாங்கியில் வாசித்தார்: "தந்தையின் இறுதி நாளில் வர மறுத்து, அதன்மூலம் நம் இசை வரலாற்றின் மகத்தான பத்தொன்பது விநாடிகளுக்கு வழிவகுத்த அம்மையாருக்குப் பேரவை கேடயம் வழங்கி கௌரவிக்கிறது."

கைதட்டல் எழுந்தது. தலைவர் கேடயத்தை நீட்டினார். அக்கா அதை வாங்கி, பின்பக்கம் திருப்பிப் பார்த்து, கால்மாட்டில் வைத்தாள்.

"நான் ரெண்டு வார்த்தை பேசலாமா?" என்று அக்கா கேட்டது காதில் விழுந்தது. தலைவர் கனிவாகத் தலையசைத்து, "நிகழ்ச்சி நிரல்ல உங்களுக்குப் பேச்சு இல்லம்மா. உங்க பங்கு மௌனம்தான்" என்று சொன்னதும் ஒலிவாங்கியில் தெளிவாகக் கேட்டது.

அடுத்து விழாவின் சிகரம். நாற்பது பேர் குழு மேடையேறியது. பதிப்பின் கடைசித் தடமாக, அரங்கம் முழுவதும் சேர்ந்து காக்கும் பத்தொன்பது விநாடி மௌனம் நேரடியாகப் பதிவு செய்யப்படும் என்று அறிவிப்பு வந்தது. தும்மல் உள்ளவர்கள் வெளியேறும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். ஜலதோஷம் உட்பட ஐந்தாறு பேர் வெளியேறினார்கள். கதவுகள் சாத்தப்பட்டன, மின்விசிறிகள் நிறுத்தப்பட்டன. ஆய்வாளர் நிறுத்துக் கடிகாரத்தை உயர்த்தி, கையை இறக்கினார்.

பாட்டுக்காரி எழுந்து நின்றாள். தீர்மானித்து எழுந்தாளா, கால் தானாக எழுந்ததா என்று அவளுக்கே தெரியாது. மேடையில் ஒரே ஒரு முகத்தைப் பார்த்துப் பாடினாள். குரல் முதலில் உடைந்தது, பிறகு சேர்ந்துகொண்டது.

"நீ வந்தே அக்கா, மணி மூணு தரம் அடிச்சே,
உள்ளே உக்காந்து எண்ணினது நான்.
தாழ்ப்பாள் என் கைக்கு எட்டும் தூரந்தான்,
கைதான் எனக்கு எட்டல."

முதல் வரியிலேயே உஷ் என்று ஒரு குரல். இரண்டாம் வரிக்கு உஷ்ஷுகள் பல ஸ்தாயியில் கிளம்பின. முடிக்கும்போது அரங்கமே அவளை அடக்கிக்கொண்டிருந்தது. சேர்ந்திசைக் குழு மட்டும் பயிற்சி பெற்றது ஆதலால் அசையாமல் நின்றது.

"வருந்துகிறோம்" என்றார் தலைவர். "யாரோ பாட்டோட சம்பந்தமில்லாத ஒருத்தர் மௌனத்தைக் கலைச்சுட்டாங்க. மறுபடியும் ஆரம்பத்துலேருந்து."

செயலாளர் வேகமாக இறங்கி வந்தார். "யாரும்மா நீங்க? அழைப்பிதழ் இருக்கா?"

"நீங்கதானே அனுப்பினீங்க."

"அது பாடலாசிரியருக்கு அனுப்பினது. அவங்க இப்படி நடந்துக்க மாட்டாங்க."

இரண்டு காவலர்கள் அவளை மரியாதையாகவே வெளியில் கொண்டுபோய் விட்டார்கள். படியில் உட்கார்ந்தாள். உள்ளே மௌனம் இரண்டாம் முறை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு நாற்காலி தரையில் கிரீச்சிட்டது. யாரோ எழுந்து நடக்கிற செருப்புச் சத்தம், தலைவரின் பதறிய குரல், கதவு திறக்கிற சத்தம். அக்கா வெளியே வந்தாள். கையில் கேடயம் இல்லை.

பாட்டுக்காரி எழுந்து நின்றாள். அக்கா அவளைத் தாண்டிப் போய், டிரைவிங் ஸ்கூல் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் மேல் சாய்ந்து நின்றாள்.

"மூணு தரம் இல்ல. நாலு தரம் அடிச்சேன்."

பாட்டுக்காரி காரை நோக்கி இரண்டு படி இறங்கினாள்.

"நாலாவது அடிச்சிட்டு எதிர் வீட்டுப் படியில ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். ஜன்னல்ல உன் தலை தெரிஞ்சுது." அக்கா குரலை உயர்த்தவில்லை. "இன்னைக்கு எதுக்கு வந்தேன் தெரியுமா? அத்தனை பேர் முன்னால நான் வந்தேன்டின்னு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். அதுக்கும் விடல அந்தப் பல்லு செட்டு."

"இந்தச் சரணம் முதல்லேயே இருந்துதுக்கா. பதிவுல விட்டுப்போச்சு. மறுபதிப்புல சேர்க்கணும்னு எவ்வளவோ கேட்டுப் பாத்தேன், அலைஞ்சேன், துணைக்குழுவுக்குக்கூட..."

"இரு. எத்தனை வருஷமா இது உன்கிட்ட இருக்கு?"

"பன்னெண்டு."

"என் நம்பர் மாறல. வீடு மாறல. ஒரு போன் பண்ண என்ன கேடு உனக்கு?"

"பாட்டுல நேர்ந்த தப்பைப் பாட்டுலதான்க்கா சரி பண்ணணும். முறைன்னு ஒண்ணு..." பாட்டுக்காரி பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்த வார்த்தைகளை அவள் பேரவையின் நீண்ட மேசையில், வேறு ஒரு வாயிலிருந்து கேட்கிற மாதிரி இருந்தது.

"நான் அப்பாவுக்கு வரலைன்னு ஊரே பாடுது. கார் கத்துக்க வர்ற பிள்ளைங்க போன்ல போட்டுக் கேக்குதுங்க. நான் பக்கத்துல உக்காந்து கியர் மாத்தச் சொல்லிக் குடுக்குறேன். நீ பதிப்புக்குக் காத்துக்கிட்டு இருந்தியா?"

உள்ளே யாரோ இருமினார்கள். மறுபடியும் ஆரம்பத்திலிருந்து என்று தலைவர் சொல்வது ஒலிபெருக்கியில் கேட்டது.

"இப்ப சொல்லு" என்றாள் அக்கா.

பாட்டுக்காரி மூச்சை இழுத்தாள்.

"பாடாத. சும்மா சொல்லு."

அது அவ்வளவு சுலபமாக இல்லை. சந்தம் இல்லாமல், இசை இல்லாமல், பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லாமல் நின்றாள்.

"நீ வந்தேக்கா. நான்தான் கதவைத் திறக்கல."

அக்கா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு காரில் ஏறி, எட்டிப் பக்கத்துக் கதவின் தாழை உள்ளிருந்து எடுத்துவிட்டாள்.

"ஏறு. பெல்ட்டைப் போடு."